கம்ப்ரஸர் வீட்டு ஃபிரிட்ஜ்

அத்தியாயம் 11

போன வாரம் நம் கம்ப்ரஸர் அண்ணனை ஃபிரிட்ஜுக்குள் கையை விட்டபடி நிற்க வைத்துவிட்டு வந்தோம். ஒரு வாரமாக அப்படியே நிற்கிறார், பாவம். இனி கையை வெளியே எடுக்கலாம்.

எடுத்தார். கையில் மனைவியின் மருந்துப் பெட்டி. பெட்டி மேல் வெள்ளை வெளேரென்று ஐஸ் படர்ந்திருந்தது. திறந்து, பேனா போலிருக்கும் அந்த ஊசியின் சின்ன ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். தண்ணீராக இருக்க வேண்டிய மருந்து கல்லாக இருந்தது.

புதிதாக வந்து உட்காரும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். தெருவே இவரைக் கம்ப்ரஸர் என்று கூப்பிடுவதற்குப் பாதிக் காரணம் தொழில், மீதிக் காரணம் குறட்டை. மனைவி வீட்டு முன்னறையில் பியூட்டி பார்லர் நடத்துகிறாள். வருகிறவர்கள் மேடம் என்று கூப்பிட, கணவருக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. ஒரே மகளுக்குத் தொலைபேசியில் ஊரார் புகாரைக் கேட்டுச் சம்பளம் வாங்கும் வேலை. அப்பா அவளுக்கு வைத்த பெயர் கஸ்டமர் கேர்.

மேடத்துக்குச் சோரியாசிஸ். முழங்கையில் செதில் செதிலாகத் தோல் உரியும். தொட்டால் அடுத்தவருக்கு ஒட்டாது, ஆனால் அதை ஊருக்கு யார் சொல்வது? அதனால் எந்த வெயிலிலும் அவள் நீளக் கை ரவிக்கைதான். போதாததற்கு நோய் விரல் மூட்டுகளிலும் இறங்கியது. காலையில் விரல் மடங்காது, பிடித்த சீப்பு நழுவும். கல்யாண அலங்காரங்களை ஒவ்வொன்றாகக் கைகழுவினாள். "இப்பல்லாம் நேரம் இல்லைங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து அழுவாள்.

பிறகுதான் இந்த ஊசி வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, தொடையில் தானே குத்திக்கொள்ள வேண்டும். உங்கள் உடம்பின் காவல்காரனுக்குப் புத்தி பிசகி, திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரரையே அடிக்கிறான் என்றார் டாக்டர். இந்த மருந்து அவனை அடக்கி வைக்கும். அடங்கிய காவல்காரன் நிஜத் திருடன் வந்தாலும் மெதுவாகத்தான் எழுந்திருப்பான். ஆகவே காய்ச்சல், புண், சீழ் எது வந்தாலும் ஊசியைத் தொடாமல் முதலில் எங்களுக்குப் போன் பண்ணுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

மருந்தைக் குளிரில் வைக்கும் பொறுப்பு மட்டும் கம்ப்ரஸருக்கு. ஃபிரிட்ஜுக்குள் நடுத் தட்டில், பின்சுவரைத் தொடாமல் வைக்க வேண்டும், உறையவே கூடாது என்று நர்ஸம்மா இவர் முகத்தைப் பார்த்தே சொன்னார். உறைந்துவிட்டால் கரைந்த பிறகும் போடக் கூடாது என்றும் சொன்னார். "ஐஸைப் பத்தி எனக்கே பாடமா" என்று அன்று முழுக்க முறுக்கிக்கொண்டு திரிந்தார் நம்மவர்.

அந்த முறுக்கின் பலன்தான் இப்போது கையில் இருந்தது.

அந்த வீட்டு ஃபிரிட்ஜ் கடையில் வாங்கியதல்ல. செத்துப்போன மூன்று ஃபிரிட்ஜ்களின் உறுப்பு தானத்தில் உருவானது. மேடத்தின் தம்பி புது ஃபிரிட்ஜ் விற்கும் ஷோரூமில் மேனேஜர். "பழசைத் தூக்கிப் போடுங்க மாமா" என்று அவன் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லப்போக, அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. புது ஃபிரிட்ஜ் இந்த வாசலைத் தாண்டினால் நான் தாண்டி வெளியே போய்விடுவேன் என்று நாலு பேர் முன்னால் சபதம் வேறு செய்திருக்கிறார்.

இந்த வாரம் வெயில் மண்டையைப் பிளந்தது. மேடத்தின் மருந்துக்குக் குளிர் போதாதோ என்று கம்ப்ரஸருக்குக் கவலை. கடையில் ரிப்பேருக்கு வந்து அப்படியே கிடந்த ஐஸ்கிரீம் பெட்டியிலிருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வீட்டு ஃபிரிட்ஜில் மாட்டினார். குளிரைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் பாகத்துக்கு ஐஸ்கிரீமைக் கல்லாக்கித்தான் பழக்கம். மருந்தைக் கண்டால் மட்டும் மரியாதை கொடுக்குமா?

அன்பில் செய்த தப்பு என்பதால் அது தப்பில்லை என்று ஆகிவிடாது. அது அவருக்கும் தெரிந்துதான் இருந்தது.

இன்று வெள்ளிக்கிழமை, ஊசி நாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணப் பெண்ணுக்கு அலங்காரம். ஊசியின் புண்ணியத்தில் கை திரும்பி வந்தபின் மேடம் ஒப்புக்கொண்ட முதல் கல்யாணம் அது. கனவில் கூட யாருக்கோ கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

கம்ப்ரஸர் ஊசியைச் சமையல் மேடையில் வைத்துக் காவல் இருந்தார். கொஞ்ச நேரத்தில் ஐஸ் கரைந்தது. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். பளிங்கு மாதிரி இருந்தது. கட்டி இல்லை, கலங்கல் இல்லை. உறைந்த ஊசி என்று நெற்றியில் எழுதி ஒட்டியா இருக்கிறது? பேசாமல் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது.

ஆனால் கொடுக்க மனசு வரவில்லை. உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை. இரண்டும் வராத மனிதர் என்ன செய்வார்? மருந்துப் பெட்டியைத் தன் டூல் பையில் ஸ்பேனருக்கு அடியில் சொருகி, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதே நேரத்தில் முன்னறையில் மேடம் கண்ணாடி முன்னால் இருந்தாள். அவளிடமும் மறைக்க ஒன்று இருந்தது.

முந்தாநாள் ஒருத்திக்கு நகம் திருத்தும்போது நகவெட்டி வழுக்கி, மேடத்தின் சொந்தக் கட்டைவிரலில் நக ஓரத்தைக் கிள்ளிவிட்டது. சின்னக் காயம்தான். நேற்று அது சிவந்தது. இன்று வீங்கி, நக ஓரத்தில் மஞ்சளாகச் சீழ் கோத்து விண்விண்ணென்று தெறித்தது. விடியற்காலையில் உடம்பும் சுட்டது. ஒரு காய்ச்சல் மாத்திரையைப் போட்டு, சூட்டை இறக்கிவிட்ட பிறகுதான் மகள் முன்னால் நடமாடினாள்.

சொன்னால் என்ன ஆகும்? மகள் போன் பண்ணுவாள். ஊசியை நிறுத்துங்கள் என்பார்கள். விரல் பழையபடி விறைக்கும். ஞாயிறு போச்சு. இப்படி ஒரு நூலைப் பிடித்து ஓடிக் கடைசியில் பார்லருக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தொலைப்பது வரை மனசுக்குள் போய் வந்துவிட்டாள்.

எத்தனையோ பெண்களின் கருவளையத்தை இருந்த இடம் தெரியாமல் ஆக்கிய கை அது. அந்தத் தோல் நிறப் பசையை எடுத்துச் சொந்தக் கட்டைவிரலுக்குப் பூசினாள். மேலே பவுடர் ஒற்றினாள். நகத்துக்குக் கருஞ்சிவப்பில் பாலிஷ். விரல் கல்யாணத்துக்கே தயாராகிவிட்டது. சீழ் உள்ளே பத்திரமாக இருந்தது.

சமையலறையில் கஸ்டமர் கேர் தக்காளி நறுக்கப் போனாள். கத்தி இறங்கவில்லை, சறுக்கியது. தக்காளி உருண்டு போய்த் தரையில் டொக்கென்று விழுந்து, உடையாமல் கிடந்தது. பால் பாக்கெட்டைத் தூக்கினாள். செங்கல்.

"அப்பா, இதென்னப்பா?"

"கூலிங் நல்லா இருக்குல்ல?" என்றார் அப்பா, தக்காளியைப் பார்க்காமல்.

அவள் பார்வை நடுத் தட்டுக்குப் போனது. மருந்துப் பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. எங்கே என்று கேட்டாள். வெளியே எடுத்து வைத்திருக்கிறேன், குளிர் போக அரை மணி நேரம் ஆக வேண்டாமா என்றார். அதில் பொய் ஒன்றுமில்லை. உண்மையும் அவ்வளவாக இல்லை.

மேடம் உள்ளே வந்தாள். வழக்கமாக ஊசி நாளன்று அவளைப் பிடித்து உட்கார வைக்கவே இரண்டு பேர் வேண்டும். குளித்துவிட்டு வருகிறேன் என்பாள், துணி காயப்போட வேண்டும் என்பாள், தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுப்பாள். இன்று வந்ததும் வராததுமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கொண்டாங்க என்றாள்.

இன்னும் குளிர் போகவில்லை என்றார் கணவர். அரை மணிதானே என்றாள். அதெல்லாம் சாதாரண நாளில். இன்றைக்குக் காற்றில் ஈரம் அதிகம், இந்த விஷயம் என் தொழில், என்னிடம் விடு என்றார். வெந்நீரில் போடட்டுமா என்று அவள் கேட்டதும், அப்படிச் சூடு காட்டவே கூடாது என்று அவசரமாகத் தலையாட்டினார். அன்று அவர் வாயிலிருந்து வந்த முதல் முழு உண்மை அதுதான்.

அடுத்து, போன தடவை எந்தக் காலில் போட்டாய் என்று ஆரம்பித்தார். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குத்தக் கூடாது அல்லவா? இடது என்றாள் அவள். வலது என்று இவர் சாதித்தார். குத்தினது என் காலில் என்றாள். பக்கத்தில் நின்று பார்த்தது நான் என்றார். காபிக்குப் பால் உருகக் காத்திருந்த மகள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்பா ஆடு திருடியவர் மாதிரி விழிக்கிறார். அம்மா கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்திருக்கிறாள். பாலிஷ் வேறு. பார்லர் நடத்த ஆரம்பித்த நாளிலிருந்து அம்மா நகத்துக்குச் சாயம் பூசி அவள் பார்த்ததில்லை.

"நாளைக்குப் போட்டா என்ன குடி முழுகிடும்?" என்றார் கம்ப்ரஸர்.

"ஏன், இன்னிக்குப் போட்டா உங்களுக்கு எங்க வலிக்குது?"

வேறொரு நாளாக இருந்தால் இதற்கே ஒருவரையொருவர் பிடிபிடியென்று பிடித்திருப்பார்கள். இன்று இரண்டு பேர் மடியிலும் கனம். எதிராளியைக் குடைந்தால் தன் குட்டும் வெளிவருமோ என்று இருவரும் அடக்கி வாசித்தார்கள்.

அப்போது கம்ப்ரஸர் காலை மாற்றிப் போட, மடியிலிருந்த டூல் பை சரிந்தது. ஸ்பேனர் ஒரு பக்கம் நழுவ, அடியிலிருந்து மருந்துப் பெட்டி எட்டிப் பார்த்தது. மேடம் பாய்ந்து எடுத்தாள். கம்ப்ரஸர் பாய்ந்து அவள் கையைப் பிடித்தார். பிடித்த இடம் சரியாக அந்தக் கட்டைவிரல்.

அவள் போட்ட அலறலில் தெருவில் சைக்கிள் ஒன்று பிரேக் பிடித்து நின்றது.

கையை விட்டுவிட்டுத் தன் உள்ளங்கையைப் பார்த்தார். பழுப்பாகப் பசை, பவுடர், அதற்கு நடுவில் மஞ்சளாக ஏதோ. மனைவியின் விரலைப் பார்த்தார். மேக்கப் கலைந்த விரல் சிவந்து, பளபளத்து, பார்க்கவே பயமாக இருந்தது. மேடமோ மருந்துப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அட்டை நனைந்து, ஊறி, ஓரம் பிரிந்திருந்தது.

"இது ஏன் ஈரமா இருக்கு?"

"இது ஏன் வீங்கியிருக்கு?"

இரண்டு கேள்வியும் ஒரே நேரத்தில் வந்தன. மகள் எழுந்தாள். கோபம் தலைக்கேறினால் அவளுக்கு வேலை செய்யும் இடத்துக் குரல் வந்துவிடும்.

"தங்கள் இருவரின் புகாரும் பதிவு செய்யப்பட்டது. முதலில் அம்மா பேசலாம்."

அம்மா பேசினாள். பிறகு அப்பா பேசினார். ஒருவர் சொல்லச் சொல்ல மற்றவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. விரலைப் பற்றிக் கேட்டு அவருக்குக் கண் கலங்கியது. ஐஸ்கிரீம் பெட்டி தெர்மோஸ்டாட் என்று கேட்டு அவளுக்குச் சிரிப்பு வந்தது. வலியோடு சிரிப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் கண்டாள்.

மகள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று பதிவுக் குரல் ஒன்று சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது. நாளெல்லாம் அடுத்தவரைக் காக்க வைப்பவளுக்கு அன்று தான் காத்திருக்க நேர்ந்தது. இனிமேல் இந்தப் பாட்டை யாருக்கும் போட மாட்டேன் என்று அவள் முணுமுணுக்கும்போதே நர்ஸம்மா லைனில் வந்துவிட்டார்.

நர்ஸம்மா முழுக்கக் கேட்டார். யாரையும் திட்டவில்லை, அதுதான் கம்ப்ரஸருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"உறைஞ்ச ஊசி வேண்டாம். கரைஞ்சு நல்லா தெரிஞ்சாலும் வேண்டாம், அப்படியே கொண்டு வாங்க. அதை விடுங்க, விரல்ல சீழ் இருக்கு, காய்ச்சலும் அடிச்சிருக்கு. நல்ல ஊசியே கையில இருந்தாலும் இன்னிக்குப் போடக் கூடாதும்மா. உடனே கிளம்பி வாங்க. மாத்திரை போட்டுக் காய்ச்சலை மறைச்சதையும் டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மேடம் மெல்லத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். இந்த மனுஷன் மட்டும் ஒழுங்கான மெக்கானிக்காக இருந்திருந்தால் காலையிலேயே ஊசி உள்ளே போயிருக்கும்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் விரலை மரத்துப்போகச் செய்து, கீறிச் சீழை வெளியேற்றிக் கட்டுப் போட்டார். கிருமிக்கு மாத்திரை எழுதும் முன் வேறென்ன மருந்தெல்லாம் ஓடுகிறது என்று துருவிக் கேட்டார். இப்படிப்பட்ட ஊசி போடுகிறவர்களுக்குச் சின்னக் காயம்கூட ரத்தம் வரை போய்விடலாம் என்றார். அவர் அதை மெதுவாகத்தான் சொன்னார். கம்ப்ரஸர் உறைந்த ஊசிப் பெட்டியை எடுத்து அவர் மேஜை மேல் வைத்தார்.

மேடத்துக்கு ஒரே ஒரு கேள்விதான். ஊசி தள்ளிப்போனால் ஞாயிற்றுக்கிழமை என் கை வருமா?

ஒரு தடவை தள்ளினால் விரல் மறுநாளே விறைத்துவிடாது என்றார் டாக்டர். புண் ஆறட்டும், அடுத்த ஊசி எப்போது என்று நாங்கள் சொல்கிறோம், அது வரை நீங்களாகப் போடாதீர்கள். காய்ச்சல் ஏறினாலோ, சிவப்பு கைக்கு மேலே படர்ந்தாலோ எந்த நேரமானாலும் வந்துவிட வேண்டும். எப்படியும் நாளைக்கு வந்து காட்டுங்கள். கல்யாண அலங்காரத்தைப் பற்றி நாளைக்குப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

திரும்பி வரும் வழியில் ஆட்டோவில் மேடம் மெதுவாகக் கேட்டாள்.

"கரைஞ்சப்புறம் நல்லாத்தானே இருந்துச்சு. குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே. ஏன் குடுக்கல?"

"குடுக்கலாம்னுதான் எடுத்தேன். வெளிச்சத்துல பாத்தேன். ஒரு குறையும் சொல்ல முடியாது." எண்ணெய்க் கறை போகாத விரல்களைத் தேய்த்துக்கொண்டார். "ஆனா போய்ச் சேர்றது உன் உடம்புக்குள்ள. அங்க போயி என்னால ரிப்பேர் பண்ண முடியாது மேடம்."

அவள் கட்டுப் போட்ட கையை அவர் முழங்கால் மேல் வைத்தாள். ஓரமாக உட்கார்ந்திருந்த மகள் அதைப் பார்த்தாள். கஸ்டமர் கேர் வாழ்க்கையில் முதல் முறையாகப் புகார் ஏதும் சொல்லாமல் தெருப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்ரஸர் நேரே சமையலறைக்குப் போனார். தன் ஃபிரிட்ஜின் முன்னால் நின்றார். கதவைத் திறந்தார், மூடினார். மேலே தட்டிக் கொடுத்தார். பிறகு முன்னறைக்கு வந்து மகளிடம் போனைக் கேட்டு வாங்கி, தானே நம்பரை அழுத்தினார். யாருக்கு என்று சொல்லவில்லை.

"மச்சான், நான்தான். ஒரு ஃபிரிட்ஜ் வேணும்."

போனை மறு காதுக்கு மாற்றினார்.

"புதுசு. கம்பெனி செட்டிங். நான் கை வைக்க மாட்டேன். நீயே வந்து வச்சிட்டுப் போ."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளும் சத்தம் கேட்டது. அப்புறம் குரல் வந்தபோது அதில் ஷோரூம் மேனேஜரைக் காணவில்லை. பதறிப்போன ஒரு தம்பிதான் இருந்தான்.

"மாமா... அக்காவுக்கு என்ன ஆச்சு?"

கம்ப்ரஸர் போனைக் காதிலிருந்து எடுத்தார். தான் புது ஃபிரிட்ஜ் கேட்கிற அளவுக்கு ஒரு விஷயம் என்றால் அது ஒன்றாகத்தான் இருக்க முடியும் என்று அந்தப் பயலுக்குத் தெரிந்திருக்கிறது. போனை அப்படியே மனைவியிடம் நீட்டினார்.

மேடம் உடனே வாங்கவில்லை. சோரியாசிஸ் என்ற வார்த்தையே அவள் பிறந்த வீட்டுக்குப் போனதில்லை. தம்பி வீட்டு விசேஷத்துக்கெல்லாம் நீளக் கைதான். வெயிலில் வியர்த்து ஊற்றினாலும் ஃபேஷன் என்று சொல்லிச் சமாளித்துவிடுவாள். ஊசி போடுகிற சங்கதியைச் சொல்லக் கூடாது என்று மகளிடம் சத்தியமே வாங்கியிருந்தாள்.

மறைத்து வைத்த விரல் கட்டுக்குள் விண்விண்ணென்றது. இடது கையால் போனை வாங்கினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லடா, நல்லாத்தான் இருக்கேன். பூட்டுப் போடுற மாதிரி ஃபிரிட்ஜ் இருந்தா அதையே எடுத்துட்டு வா. சாவி என்கிட்டதான் இருக்கும். உங்க மாமாவை நம்ப முடியாது."

மறுமுனையில் தம்பி மூச்சு விடுவது கேட்டது. பாதி சிரிப்பாக, பாதி அழுகையாக இருந்தது அது.

சமையலறையில் கம்ப்ரஸர் குனிந்து பழைய ஃபிரிட்ஜின் ப்ளக்கைப் பிடுங்கினார். மகள் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்த வீட்டில் இரைந்துகொண்டிருந்த சத்தம் சட்டென்று நின்றது. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவர்கள் மூன்று பேருக்கும் தெரியாது.

அந்த அமைதியில் மேடம் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ரவிக்கையின் வலது கைப் பட்டனை இடது கையால் கழற்றி, துணியை முழங்கைக்கு மேலே ஏற்றிவிட்டாள். போனில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் ஏற்றிவிட்டாள்.

"தம்பி, வரும்போது நீ மட்டும் வராத. உன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு வா. உங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணு காட்டணும்."